உச்சிக்குக் கொஞ்சம் பின்னால

அருமைநாயகத்தின் காதுக்குக் கீழே இருந்த வீக்கத்தை முதலில் கண்டவள் கோமளேஸ்வரிதான். 2007ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அவர் முற்றத்தில் முக்காலியில் இருந்து சவரம் செய்துகொண்டிருந்தார். அவள் கண்ணாடியைப் பிடித்தபடி எதிரே நின்றாள். முகத்தில் சோப்பு நுரை பாதி போன பிறகு பார்த்தால், இடது தாடையின் மூலையில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ புடைத்திருந்தது.

"இதென்ன? நோவுதா உங்களுக்கு?"

அவர் தடவிப் பார்த்தார். "நோவொண்டும் இல்ல. கூகைக்கட்டாக்கும்."

"நாப்பத்தெட்டு வயசில கூகைக்கட்டா?"

"சின்னனில வராம விட்டது இப்ப தேடி வந்திருக்கும்," என்று சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் கலியாணம் முடித்து அப்போது ஒன்றேகால் வருடம். ஒருவரையொருவர் "நீங்க" என்றுதான் பேசிக்கொண்டார்கள். சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் பழகிய மரியாதை அது. கலியாண எழுத்து முடிந்து, வீட்டுத் திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்த மரியாதை கூடவே வந்துவிட்டது.

அருமைநாயகம் பாதையில் வேலை செய்பவர். குருமண்வெளிக் கரைக்கும் மண்டூர்க் கரைக்கும் இடையே வாவியைக் கடந்து போய்வரும், இயந்திரம் பூட்டிய மிதவையைத்தான் அந்தப் பக்கத்துச் சனங்கள் பாதை என்பார்கள். சங்கிலி கட்டுவது, மோட்டார் சைக்கிள்களை ஒழுங்காக நிறுத்துவிப்பது, ஆட்டுக்குட்டியோடு வருகிறவரை ஓரத்துக்கு அனுப்புவது எல்லாம் அவர் வேலை. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவர் பாதையில்தான் நின்றார். பெரியகல்லாற்றில், கடற்கரைப் பக்கத்து வீட்டில், மனைவி யோகமதியும் ஒன்பது வயது மகள் தக்சிகாவும் இருந்தார்கள். அவர் சைக்கிளில் விழுந்தெழும்பி வந்து சேர்ந்தபோது அங்கே கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

கோமளேஸ்வரியின் தாயையும் அன்றைக்குத்தான் கடல் எடுத்தது. பாரிசவாதத்தில் கிடந்த தாயைப் பார்த்துப் பார்த்தே முப்பத்தாறு வயதுவரை கலியாணமில்லாமல் இருந்தவள் அவள். முகாமில் சமையல் அவள் பொறுப்பாயிற்று. ஒரு மனிதர் சாப்பிடாமல் வகுப்பறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பதை அவள் கண்டாள். வற்புறுத்தவில்லை. கோப்பையில் சோற்றைப் போட்டு அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். பின்னேரம் வந்து அப்படியே எடுத்துப் போவாள். ஆறாம் நாள் கோப்பை வெறுமையாக இருந்தது. அடுத்த நாள் அது கழுவியும் இருந்தது.

யோகமதியைப் பற்றி அவர் அவளிடம் பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. ஒரு படம்கூடத் தப்பாததால் அந்த முகம் எப்படியிருக்கும் என்று கோமளேஸ்வரிக்குத் தெரியாது.

வீக்கம் ஒரு மாதத்தில் நெல்லிக்காய் அளவானது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் கொடுத்த பூச்சு மூன்று கிழமை பூசியும் இறங்கவில்லை. கடைசியில் அவள் அவரை மட்டக்களப்புக்கு, ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே அவரைப் பார்த்தவர் சபீனா என்ற இளம் டொக்டர். காத்தான்குடிக்காரி. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு இழுத்தார். ஊசிக்குள் ஏறியது கறுப்பாக இருந்தது. அருமைநாயகம் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, "கணவாய் மை மாதிரி இருக்கு டொக்டர்," என்றார். டொக்டர் சபீனா சிரிக்கவில்லை. இரண்டு கிழமையில் கட்டாயம் வரவேண்டும், மனைவியையும் கூட்டி வரவேண்டும் என்றார்.

இரண்டு கிழமை கழித்து அவர்கள் போனபோது டொக்டர் தன் கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு அவர்களுக்கு எதிரே இருந்தார்.

"ஐயா, கன்னத்துக்குள்ள காதோட ஒட்டினாப்போல எச்சில் ஊறுற சுரப்பி ஒண்டு இருக்கு. அதுக்குள்ளதான் உங்களுக்குக் கட்டி வந்திருக்கு. மெலனோமா எண்டு சொல்லுற கான்சர்."

அருமைநாயகத்தின் கை தாடைக்குப் போனது. கோமளேஸ்வரிதான் கேட்டாள். "எச்சில் ஊறுற இடத்திலயுமா டொக்டர் கான்சர் வாற?"

"வரும் அம்மா. ஆனா இந்த மெலனோமா பொதுவாத் தோலில, மறுவில தொடங்கிறது. எங்கட நிறத்து ஆக்களுக்கு வாறதே குறைவு. எச்சில் சுரப்பியிலேயே தொடங்கிறது அதவிடக் குறைவு. கூடுதலா முகத்தில, தலையில எங்கயாவது ஒரு மறுவில தொடங்கி, அங்க இருந்து வந்து சுரப்பிக்குள்ள தங்கியிருக்கும். அந்த முதல் இடத்தக் கண்டுபிடிச்சா அதையும் சேத்து வெட்டி எடுக்கலாம். இல்லாட்டி வேர் உள்ளுக்க கிடக்குதோ எண்ட பயம் இருந்துகொண்டே இருக்கும்."

திரைக்குப் பின்னால் கொண்டுபோய், விளக்கைப் பிடித்து அவருடைய உடம்பைச் சோதித்தார்கள். உள்ளங்கால், நகக்கண், வாய்க்குள், கண்ணுக்குள், தலைமயிருக்குள் எல்லாம் பார்த்தார்கள். கறுப்பாக ஒன்றும் அகப்படவில்லை.

"சில நேரம் அந்த மறு தானாவே அழிஞ்சு போயிரும்," என்றார் டொக்டர் சபீனா. "முந்தி இருந்து, பிறகு காணாமப்போன மறு ஏதாவது ஞாபகம் இருக்கா ஐயா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. முதுகும் தலையும் நான் எங்க டொக்டர் கண்டன்?"

டொக்டர் கோமளேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்குத் தெரியாதா? இதெல்லாம் வீட்டில மனிசிமாருக்குத்தான் தெரியிற."

கோமளேஸ்வரிக்கு முகம் சூடாகிவிட்டது. "இல்ல டொக்டர். நான் பிறகு வந்த ஆள்."

பிறகு அருமைநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "யோகத்துக்குத் தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பும் பஸ் களுவாஞ்சிகுடியைத் தாண்டியது. பிறகு அவர், "நான் யோசிக்காமச் சொல்லிப்போட்டன். குறை நினைக்காதீங்க," என்றார்.

"உண்மையத்தானே சொன்னீங்க. நான் ஏன் குறை நினைக்க?" அவள் கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "அவட ஆக்கள் ஆரும் இருக்காங்களா?"

"ஒரு அக்கா. மண்டூரில. சிவமலர் எண்டு பேர்."

"அவவக் கேட்டா என்ன?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அங்க போக என்னால ஏலாது."

"நீங்க போகத் தேவல்ல. நான் போறன்."

மார்கழி மாதம், சுனாமி நினைவு நாளுக்கு ஒரு கிழமை முன்பாக அவள் போனாள். வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் சைக்கிளைத் துடைத்து, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குருமண்வெளிக் கரைவரை கொண்டுவந்து விட்டார். "நான் இஞ்சேயே நிக்கிறன்," என்றார். பாதையில் அவரோடு வேலை செய்தவர்கள் அவளுக்கு மழை படாத இடமாகப் பார்த்து இடம் கொடுத்தார்கள். பாதை நடுவாவிக்குப் போன பிறகு திரும்பிப் பார்த்தாள். அவர் குடையை விரிக்காமல் கையில் பிடித்தபடி கரையில் நின்றார்.

சிவமலரின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. மழை சற்று விட்டிருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முற்றத்தில் நின்ற தண்ணீரை மண்வெட்டியால் வாய்க்காலுக்கு வெட்டி விட்டுக்கொண்டிருந்தாள் ஒருத்தி. அந்த வருடம் பங்குனியில் ஷெல்லடிக்குப் பயந்து ஓடி, நாலு மாதம் முகாமில் கிடந்து திரும்பி வந்த வீடு. ஓடு போன பாதிக் கூரைக்குத் தறப்பாள் விரித்திருந்தது.

"ஆரு?"

"நான் கோமளேஸ்வரி. பெரியகல்லாறு. அருமைநாயகத்தார்ர..." அதற்கு மேல் அவளுக்குச் சொல் வரவில்லை.

மண்வெட்டி நின்றது. "விளங்குது. என்ன விசயம்?"

"அவருக்குச் சுகமில்ல அக்கா. கான்சர் எண்டு சொல்லுறாங்க."

சிவமலரின் முகம் ஒரு கணம் மாறிப் பழையபடி இறுகியது. "அதுக்கு நான் என்ன செய்ய? ஒரு நாளைக்கு எத்தின தரம் மண்டூர்க் கரையில கால் வைக்கிற மனிசன். மூணு வருசமாகுது. என்ட வாசலுக்கு வர மட்டும் வழி தெரியல்லயா அவருக்கு? ஒண்டரை வருசத்தில மற்றக் கலியாணமும் முடிச்சாச்சு. என்ட தங்கச்சியும் புள்ளையும் ஆரோ எவரோ எண்டு போய்ட்டாங்க."

"நீங்க சொல்லுறது சரிதான் அக்கா. நான் நியாயம் பேச வரல்ல. ஒண்டே ஒண்டு கேக்கத்தான் வந்தன்." டொக்டர் சொன்னதைக் கோமளேஸ்வரி ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "அவர்ர உடம்பில முந்தி இருந்து இல்லாமப்போன மறு ஏதும் உண்டா எண்டு கேக்கிறாங்க. எனக்குத் தெரியா. தெரிஞ்சிருக்க வேண்டிய ஆள் உங்கட தங்கச்சிதான். அவ உங்களிட்ட எப்பவாவது சொன்னாவா?"

சிவமலர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள். கோமளேஸ்வரி முற்றத்திலேயே நின்றாள். தூறல் தொடங்கியது. போவதா நிற்பதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"உள்ளுக்கு வாங்க. நனையாம," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. சிவப்புச் சேலை கட்டிய பெண்ணும், அவள் மடியில் இரட்டைப் பின்னல் போட்ட சிறுபிள்ளையும். கோமளேஸ்வரி படத்தைப் பார்த்தாள். பிறகு சிவமலரைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அதே நெற்றி, அதே வாய். சிரிக்கும்போது கன்னத்தில் விழும் கோடுகூட ஒன்றாகத்தான் இருக்கும்போலிருந்தது.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே முகம்," என்றாள் சிவமலர். "சந்தையில என்னக் கண்டு யோகம் எண்டு கூப்பிடுற ஆக்கள் இப்பவும் இருக்காங்க."

"அதுதான் அக்கா," என்றாள் கோமளேஸ்வரி. அவளுடைய கண் நிறைந்துவிட்டது. "அதாலதான் அவருக்கு இஞ்ச வர ஏலாமப் போயிருக்கு. உங்கட முகத்த எப்பிடிப் பாக்கிற அவர்?"

சிவமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டாள். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். கோமளேஸ்வரியும் பக்கத்தில் இருந்தாள். தறப்பாளில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு சிவமலர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மறு ஒண்டு இருந்திச்சுத்தான்," என்றாள்.

"ஒரு சனிக்கிழமை நான் அங்க நிண்டன். யோகம் அவருக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிறாள். 'அக்கா, இஞ்ச வந்து பாருங்க, இவர்ர தலையில ஒரு வண்டு குந்தியிருக்கு' எண்டு சிரிக்கிறாள். மயிர விலக்கிக் காட்டினாள். மிளகு மாதிரிக் கறுப்பு. மறுகா அது பெருத்து வந்து ஒருக்கா ரெத்தமும் கசிஞ்சிச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போங்க எண்டிருக்காள். அவர், 'சீப்பு பட்டிருக்கும், விடு' எண்டு சொல்லிப்போட்டாராம். அவளுக்குப் பயம். மண்டூர் முருகனுக்கு நேத்தி வெச்சாள். மறுகா அது வெளுத்து வெளுத்து, அடுத்த வருசம் இல்லாமலே போச்சு. சமாதானம் எண்டு ரோட்டெல்லாம் திறந்த வருசம் அது. தீர்த்தத்துக்கு வந்து பொங்கிப்போட்டுத்தான் போனாள்."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "அது போனது நல்லதெண்டுதானே நாங்க நினைச்சம். இல்லயா?"

"ஆரெண்டாலும் அப்பிடித்தான் நினைப்பாங்க அக்கா," என்றாள் கோமளேஸ்வரி. "எந்த இடத்தில எண்டு சொல்லுவீங்களா?"

சிவமலர் யோசித்தாள். சொல்லிக் காட்ட வரவில்லை. எழுந்து வந்து கோமளேஸ்வரியின் நனைந்த தலைமயிரை இரண்டு கையாலும் விலக்கி, உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், இடது பக்கமாக ஒரு விரலை வைத்து அழுத்தினாள்.

"இதில," என்றாள்.

திரும்பி வரும்போது பாதையில் கோமளேஸ்வரி ஒரு கையைத் தலையிலேயே வைத்திருந்தாள், அந்த இடம் மறந்துபோகக்கூடாது என்று.

அருமைநாயகம் அதே இடத்தில்தான் நின்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. என்ன ஏது என்று கேட்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"குனியுங்க," என்றாள்.

கரையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் குனிந்தார். அவள் அவருடைய அடர்ந்த மயிரை விலக்கினாள். விரல் வைத்த இடத்தில், சின்னவிரல் நகத்தளவில், மயிர் முளைக்காத ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. கறுப்பைத் தேடிய யாருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது.

மரத்தடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமை எண்ணெய், வண்டு, நேர்த்தி, பொங்கல் எல்லாம். சீப்பு என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அதையும் அக்காக்காரிட்டச் சொல்லியிருக்காளா? ஒண்டும் விடமாட்டாள் அவள்."

அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. மூன்று வருடமாக அடக்கிவைத்திருந்த அழுகை அது. பெரியவர்கள் அழும்போது வரும் விகாரமான சத்தத்தோடு அழுதார். கோமளேஸ்வரி குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். யோகமதி என்ற பெயர் அன்றிலிருந்து அந்த வீட்டில் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கியது.

டொக்டர் சபீனா அந்தத் தழும்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, கோமளேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்களும் தலையப் பாத்ததுதான். வெள்ளையத் தேடணும் எண்டு எனக்குத் தோணல்ல அம்மா," என்றார். கொழும்புக்கு எழுதிய கடிதத்தில் அந்த இடத்தைப் படம் கீறிக் காட்டினார்.

கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் மகரகம கான்சர் ஆஸ்பத்திரியில் மாசி மாதம் சத்திரசிகிச்சை நடந்தது. போகும் வழியில் எத்தனையோ சோதனைச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் இறங்கிப் பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறவேண்டும். "ஒவ்வொருக்காலும் இறங்கி ஏறினது ஒரு உடற்பயிற்சிதான்," என்றார் அருமைநாயகம். அவள் கையைத்தான் விடவில்லை.

தலையில் இருந்த தழும்பை வெட்டியெடுத்துச் சோதித்தபோது, நோய் தொடங்கிய இடம் அதுதான் என்று தெரிந்தது. சுரப்பியையும் கழுத்தில் வீங்கத் தொடங்கியிருந்த இரண்டு கட்டிகளையும் எடுத்தார்கள். முகத்தை அசைக்கும் நரம்பின் ஒரு பெரிய கிளையைக் கட்டி சுற்றிப் பிடித்திருந்ததால் அதையும் வெட்டவேண்டியதாயிற்று என்று பெரிய டொக்டர் வந்து விளங்கப்படுத்தினார்.

மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது அவர் கேட்டது, "நீ சாப்பிட்டயா?"

கோமளேஸ்வரி தலையாட்டினாள். அவருடைய வாயின் வலது பக்கம் மட்டும் சிரித்தது. இடது பக்கம் அசையாமல் கிடந்தது. ஆனால் அவள் காதில் நின்றது அந்த "நீ" மட்டும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. இடது கண் முழுதாக மூடாது. மத்தியானம் அவர் கண்ணயரும்போது அவள் அந்த இமையை மெல்ல இழுத்துவிட்டு மேலே பிளாஸ்டர் ஒட்டுவாள். தேத்தண்ணி இடது கடைவாயால் வடிந்துவிடும். கதிர்ச் சிகிச்சை முடிந்ததும் வாயில் ஈரமே இல்லாமல் போனது. ஒரு பிடி சோறு மாவாக ஒட்டிக்கொள்ளும். அவர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்து சாப்பிடத் தொடங்கினார்.

"ஏன் அங்கால பாக்கிறீங்க?"

"பாக்க நல்லா இருக்காது கோமளம். வழியுது."

அவள் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய், சுவருக்கும் அவருக்கும் நடுவே இருந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தாள். "இப்ப எங்கால திரும்புவீங்க, பாப்பம்."

அவருக்கு அந்த நாட்களில் லேசாக இறங்கியது தயிர் ஒன்றுதான். அதை எப்படியோ அறிந்து, மண்டூரிலிருந்து கிழமைக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் பாதையில் வரத் தொடங்கியது. யார் அனுப்பியது என்று கொண்டுவந்தவர்கள் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆனி மாதம் வெறும் சட்டிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டு இருவரும் சிவமலரின் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் அருமைநாயகம் நின்றுவிட்டார். சிவமலரின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சிவமலரும் அவருடைய கோணிப்போன முகத்தைப் பார்த்தாள்.

"மச்சான், உள்ளுக்கு வாங்க," என்றாள். "புட்டு அவிச்சிருக்கன். சொதியும் இருக்கு. மெதுவா இறங்கும்."

அவ்வளவுதான் பேசினார்கள். உள்ளே போய்ப் படத்துக்கு முன்னால் அவர் நின்ற நேரத்தில் பெண்கள் இருவரும் அடுக்களையிலேயே இருந்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் அவர் மறுபடி பாதையில் வேலைக்குப் போனார். முதல் நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து விலகி நின்றார்கள். ஒரு கிழமையில் பழகிவிட்டது.

2009 வைகாசியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் கிளினிக்குக்காக அவர்கள் மகரகமவில் இருந்தார்கள். காலையிலேயே வெளியில் வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. தெருவில் கொடிகளோடு முச்சக்கரவண்டிகள் ஓடின. கிளினிக்கின் நீள மர வாங்கில் தமிழ் பேசுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை.

அங்கே சுமணாவதி என்றொரு சிங்களப் பெண் இருந்தாள். அவளுடைய கணவருக்கு வாயில் நோய். போன வருடம் கணவன்மார் ஒரே வாட்டில் இரண்டு மாதம் கிடந்த பழக்கத்தில், ஒரு சொல் புரியாமலே அவளும் கோமளேஸ்வரியும் சினேகிதிகள். அன்று வெற்றியைக் கொண்டாடித் தெருவில் பகிர்ந்த பாற்சோற்றில் இரண்டு துண்டை இலையில் வைத்துக்கொண்டு வந்தவள், அவர்களுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். இலையைக் கொடுப்பதா, திரும்பக் கொண்டுபோவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் அதை வாங்கில் ஒரு ஓரமாக வைத்துவிட்டு, கோமளேஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்து அவளுடைய முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள்.

அருமைநாயகம் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது என்னவென்று பின்னர் பஸ்ஸில் சொன்னார்: இயக்கத்தில் சேரப் பாதையில் ஏறி அந்தப் பக்கம் போய், திரும்ப ஏறாத பொடியன்கள், பெட்டைகள். அவருக்குப் பெயர் தெரியாத, முகம் மட்டும் தெரிந்தவர்கள்.

அவருடைய இடது கண்ணிலிருந்து நீர் வடிந்தது. மூடாத அந்தக் கண் எப்போதும் வடிவதுதான். கோமளேஸ்வரி வழக்கம்போலத் துடைத்துவிட்டாள். பிறகு மற்றக் கண்ணையும் துடைக்க வேண்டியிருந்தது. சுமணாவதி எழும்பிப் போய், போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அன்றைக்கு டொக்டர், புதிதாக ஒன்றும் இல்லை என்றார். ஆனால் மாதம் ஒருமுறை வீட்டில் யாராவது தலையிலிருந்து உள்ளங்கால்வரை அவருடைய தோலைப் பார்க்கவேண்டும், மயிருக்குள்ளும் விரலிடுக்கிலும் விடாமல் பார்க்கவேண்டும் என்று மொழிபெயர்ப்புக்கு நின்ற தாதி மூலம் சொன்னார்.

கோமளேஸ்வரி அதை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை வேலையாக்கிக்கொண்டாள். கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தை விட்டு, அவரை முக்காலியில் இருத்துவாள். முதல் தடவை இருவருக்கும் வெட்கமாக இருந்தது. மூன்றாம் தடவை அவர் அப்படியே தூங்கிப்போனார்.

ஆவணியில் ஒரு நாள், அவள் பார்த்து முடித்ததும் அவர் எழும்பி முக்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"இப்ப நீ இரு," என்றார்.

"எனக்கென்ன? நான் ஏன் இருக்க?"

"நாளைக்கு உன்னப் பத்தி ஒரு டொக்டர் என்னிட்டக் கேட்டா? நானும் மண்டூருக்கா போய் விசாரிக்கிற?"

அவள் சிரித்துக்கொண்டே முக்காலியில் இருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாதையில் சங்கிலி பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் அவளுடைய மயிரை விலக்கினார். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னார். காதுக்குப் பின்னால் ஒன்று, எள்ளளவு. பிடரியில் சுட்ட அடையாளம். அது முகாமில் சோற்றுக் கிடாரம் சரிந்த நாளில் பட்டது என்று அவள் சொன்னாள். எனக்குச் சொல்லவில்லையே என்றார். அப்போது நீங்கள் பேசுகிற ஆளாகவா இருந்தீர்கள் என்றாள். இடது தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் அவர் விரல் நின்றது.

"இதில ஒண்டு இருக்கு. பயறளவு. மண்ணிறம்."

"எனக்கே தெரியா. எப்பத் தொட்டு இருக்கோ?"

"இருக்கட்டும். ஒழுங்கா உருண்டையாத்தான் இருக்கு. அடுத்த மாசமும் பாக்கிறன்."

வெளியே சிவமலரின் குரல் கேட்டது. தயிர்ச்சட்டியோடு முதல் தடவையாகத் தானே பாதையும் பஸ்ஸும் ஏறி வந்திருந்தாள். கோமளேஸ்வரி அவசரமாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாறன் அக்கா, வாறன்," என்று கதவைத் திறக்க ஓடினாள்.

முதல் இரண்டு வருடங்களும் மகரகமவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அவர்கள் போய்வந்தார்கள். நோய் திரும்பவில்லை. அவருடைய இடது கன்னம் கடைசிவரை அசையவில்லை. அடுத்த மாதமும் அவர் அந்தப் பயறளவு மறுவைப் பார்த்தார், அதற்கடுத்த மாதமும் பார்த்தார்.